உமிக்கரி: தனியாக அளந்தால் 310 ஃபாரட், செல்லில் 62. மீதி எங்கே?

பிப்ரவரி 3, கேள்வி

மின்தேக்கியின் மின்முனைக்காக நெல் உமியை 600 டிகிரியில் கரியாக்கி, 10 கிராம் கரிக்கு 40 கிராம் காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம்) கலந்து, நைட்ரஜனில் 800 டிகிரியில் 1 மணி நேரம் வைத்தது. பி.இ.டி. பரப்பு (வாயு படிவதை வைத்துக் கணக்கிடும் மேற்பரப்பு) கிராமுக்கு 2,600 சதுர மீட்டர். நிக்கல் நுரையில் தடவி, 6 மோலார் காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் மூன்று மின்முனை முறையில் (கரி மின்முனை ஒன்றை மட்டும் ஒப்பு மின்முனைக்கு எதிராக) அளந்தால் தேக்குதிறன் கிராமுக்கு 310 ஃபாரட். அதே கரியை இரண்டு பக்கமும் வைத்துக் காயின் செல் கட்டினால் 62தான் வருகிறது. தப்பு கரியிலா, செல் கட்டியதிலா? இதே கரியைச் சோடியம் அயனி பேட்டரிக்கும் போடும் யோசனை இருக்கிறது.

பிப்ரவரி 3, இரவு

பெரும்பகுதி தப்பே இல்லை, வகுத்தல் கணக்குதான். செல்லில் இரண்டு மின்முனைகள் தொடராக நிற்கின்றன. தொடரில் இரண்டு சம மின்தேக்கிகள் சேர்ந்தால் தேக்குதிறன் பாதி. எடையோ இரு மடங்கு. ஆக, மொத்தக் கரி எடைக்கு வகுத்தால் கால் பங்குதான் வரும். உங்கள் 62ஐ 4ஆல் பெருக்குங்கள்: 248. ஒப்பிட வேண்டியது 310க்கும் 248க்கும்.

கணக்கைக் கையால் ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது, கருவியோடு வரும் மென்பொருளை நம்ப வேண்டாம். பக்கத்துக்கு 5 மில்லிகிராம், மொத்தம் 10 மில்லிகிராம் என்று வைப்போம். 5 மில்லி ஆம்பியரில் இறக்குகிறீர்கள். 1 வோல்ட்டில் தொடங்கியதும் செங்குத்தாக 0.04 வோல்ட் விழுகிறது. அது தேக்குதிறன் அல்ல, உள்தடை. மிச்சம் 0.96 வோல்ட் இறங்க 119 நொடி. 0.005ஐ 119ஆல் பெருக்கி 0.96ஆல் வகுத்தால் 0.62 ஃபாரட், கிராமுக்கு 62. அந்த 0.04ஐக் கழிக்காமல் முழு 1 வோல்ட்டுக்கு வகுத்தால் எண் குறையும். உள்தடை பெரிதாக உள்ள செல்லில் கணிசமாகவே குறையும்.

பிப்ரவரி 4

உள்தடையைப் பற்றி விட்டுப்போனது: ஏற்றிக்கொண்டிருந்த செல்லை அப்படியே இறக்கத்துக்குத் திருப்பினால் மின்னோட்டம் +5இலிருந்து −5க்கு மாறுகிறது, மாற்றம் 10 மில்லி ஆம்பியர். ஆகவே 0.04ஐ 0.010ஆல் வகுக்க வேண்டும், 4 ஓம். 5ஆல் வகுத்து 8 ஓம் என்று எழுதுவது பரவலான பிழை.

இனி 310க்கு வருவோம். இரண்டு சந்தேகங்கள். ஒன்று நிக்கல் நுரை. அதன் மேல்தோல் காரக் கரைசலில் நிக்கல் ஹைட்ராக்சைடாகி, தானே மின்சுமை ஏற்றி இறக்கும். பாதரச ஆக்சைடு ஒப்பு மின்முனைக்கு எதிராக −1 முதல் 0 வோல்ட் வரை மட்டும் ஓட்டினால் தொந்தரவு குறைவு, மேலே 0.3, 0.4 என்று போனால் வருவது நிக்கலின் கொடை. கரி தடவாத வெறும் நுரையை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது, எடை. எத்தனை மில்லிகிராம் தடவினீர்கள்?

பிப்ரவரி 5

கேட்டவரின் பதில்: நுரையில் 1.2 மில்லிகிராம், செல்லில் பக்கத்துக்கு 5. 0 வோல்ட்டுக்கு மேல் ஓட்டவில்லை.

அப்படியானால் எடையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 1 சதுர சென்டிமீட்டர் நுரையே 30 முதல் 40 மில்லிகிராம் இருக்கும். அதைத் தடவும் முன்பும் பின்பும் நிறுத்துக் கழித்து 1.2 மில்லிகிராமைப் பிடிக்கிறீர்கள். நடுவில் நுரையின் ஓரத்தில் ஒரு துளி உதிர்ந்தாலோ, காயவைக்கும்போது ஆக்சைடு ஏறினாலோ 0.2 மில்லிகிராம் சுலபமாகப் புரளும். உண்மை எடை 1.4 என்றால் உங்கள் 310, 266 ஆகிவிடும். அங்கேயே இடைவெளியில் பெரும்பகுதி மூடிவிட்டது.

248ஐ நம்புங்கள். இன்னும் கடுமையாகப் பார்க்க, சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்குக் கனமாகத் தடவி அளங்கள். 1 மில்லிகிராம் படலத்தில் எந்தக் கரியும் வேகமாகவே தெரியும். கரி 85, கார்பன் பிளாக் 10, டெஃப்லான் 5 என்று எத்தனாலில் பிசைந்து, சப்பாத்தி மாவு போல உருட்டித் தேய்த்தால் 100 முதல் 200 மைக்ரான் தகடு கிழியாமல் வரும். டெஃப்லான் 60 சதவீதப் பால்மமாக வருவதால், திடப்பொருள் கணக்கில் அளந்து ஊற்றுங்கள். தகட்டை 120 டிகிரி வெற்றிட அடுப்பில் இரவு முழுக்கக் காயவைக்க வேண்டும். நுண்துளைக் கரி அறைக்காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து எடையைக் கூட்டிக் காட்டும்.

பிப்ரவரி 7

இப்போது கரிக்கு வருகிறேன், கேள்வியில் யாரும் கவனிக்காத இடம் அதுதான். "10 கிராம் கரிக்கு 40 கிராம்" என்றால் விகிதம் 1:4 என்று தோன்றும். உமியில் அப்படி இல்லை. உமியின் எடையில் சுமார் 15 முதல் 20 சதவீதம் சாம்பல், அந்தச் சாம்பலில் 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. கரியாக்கும்போது மற்றதில் பெரும்பகுதி ஆவியாகிச் சிலிக்கா அப்படியே தங்குவதால், உமிக்கரியில் ஏறத்தாழப் பாதி சிலிக்காதான். 10 கிராம் கரியில் கார்பன் 5 கிராம் என்று வைத்தால் உங்கள் விகிதம் 1:8.

அதோடு முடியவில்லை. சிலிக்காவும் காஸ்டிக் பொட்டாஷைத் தின்னும். 60 கிராம் சிலிக்கா பொட்டாசியம் சிலிகேட் ஆக 112 கிராம் காஸ்டிக் பொட்டாஷ் தேவை. 5 கிராம் சிலிக்காவுக்கு 9.3 கிராம். 40இல் அது போக 30.7 மிச்சம், கார்பனுக்கு 1:6.

இதனால்தான் உமிக்கரிக் கட்டுரைகளில் வரும் விகிதத்தைத் தேங்காய்ச் சிரட்டைக்கு அப்படியே வைத்தால் முடிவு ஒத்துப்போவதில்லை. சிரட்டையில் சாம்பல் 1 சதவீதத்துக்கும் கீழே. அங்கே 1:4 என்றால் உண்மையிலேயே 1:4.

பிப்ரவரி 7, இரவு

திருத்தம். காஸ்டிக் பொட்டாஷ் வில்லைகள் 85 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். 40 கிராம் நிறுத்தால் உள்ளே 34 கிராம். சிலிக்காவின் 9.3 போக 24.7, 5 கிராம் கார்பனுக்கு ஏறத்தாழ 1:5. காலையில் எழுதிய 1:6ஐ மறந்துவிடுங்கள். டப்பாவைத் திறந்து வைத்திருந்தால் இன்னும் குறையும், காற்றிலிருந்து ஈரமும் கரியமில வாயுவும் ஏறி மேல்பகுதி கார்பனேட் ஆகியிருக்கும்.

பிப்ரவரி 9

சாம்பலை அளக்காமல் விகிதம் பேசுவதில் பயனில்லை. முறை எளிது: 110 டிகிரியில் காயவைத்த 1 கிராம் கரியைத் திறந்த மூசையில் (சூடு தாங்கும் கிண்ணம்) 650 முதல் 750 டிகிரியில், எடை மாறாமல் நிற்கும் வரை எரியுங்கள். உமியில் ஒரு வலை இருக்கிறது. உமியில் உள்ள பொட்டாசியம் சிலிக்காவின் மேற்பரப்பை உருக்கி, உள்ளே கார்பன் துணுக்குகளைப் பூட்டிவிடும். அப்போது சாம்பல் வெள்ளையாக வராமல் கறுப்புப் புள்ளியோடு நிற்கும், எவ்வளவு நேரம் வைத்தாலும் வெளுக்காது, சாம்பல் அளவும் கூடுதலாகக் காட்டும். உமியையே முதலில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துக் கழுவினால் பொட்டாசியம் போய்விடும், சாம்பல் பால் வெள்ளையாக வரும்.

சிலிக்காவை எடுக்க வேண்டுமா? இரண்டு வழி இருக்கிறது. ஆக்டிவேஷனுக்கு (காரத்தோடு சூடாக்கித் துளை போடும் கட்டம்) முன்பே எடுப்பது: 10 கிராம் கரிக்கு 2 மோலார் காஸ்டிக் சோடா 200 மில்லி, 90 டிகிரியில் 3 மணி நேரம், கலக்கிக்கொண்டே. சூடான காரம் கண்ணாடியையும் அரிக்கும், பாலிபுரொப்பிலீன் பாத்திரம் வையுங்கள். கரியாக்கும் சூட்டை 600க்குள் நிறுத்தியது நல்லது. 800க்கு மேல் நெடுநேரம் போனால் சிலிக்கா படிகமாகத் தொடங்கி, காரத்தில் கரைய அடம்பிடிக்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேகமாக வேலை செய்யும் என்பதற்காக அதைத் தொடாதீர்கள். தோலுக்குள் இறங்கி எலும்பின் கால்சியத்தைப் பிடிக்கும் பொருள் அது, இந்த வேலைக்கு அந்த ஆபத்து தேவையே இல்லை.

இன்னொரு வழி, எடுக்காமல் விடுவது. உருகிய காரம் சிலிக்காவைக் கரைக்க, அது இருந்த இடம் பிறகு கழுவும்போது துளையாகிறது. இந்தத் துளைகள் காரம் நேரடியாகக் கார்பனில் போடும் துளைகளைவிட அகலமானவை, அயனி ஓடும் பாதைக்கு நல்லவை. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், காரக் கணக்கில் சிலிக்காவின் பங்கைச் சேர்த்தால் போதும்.

பிப்ரவரி 10

மேலே சொன்ன இரண்டு வழியிலும் ஒரே இடத்தில் எல்லோரும் மாட்டுகிறார்கள். சிலிகேட் கரைசல் இருக்கும்போதே அமிலத்தை ஊற்றிவிடுகிறார்கள். கரைசல் முதலில் லேசாகக் கலங்கும், பிறகு கோல் நகராமல் கஞ்சி போலத் தடிக்கும். வடிதாளில் ஊற்றினால் சொட்டு நின்றுவிடும். தாளின் மேல் கறுப்புக்கு மேலே கண்ணாடி போல ஒரு வழுவழுப்பான படலம் தெரியும். அது சிலிக்கா ஜெல். எடுத்த சிலிக்காவைத் திரும்பக் கரியின் துளைக்குள்ளேயே அடைத்தாயிற்று. முதலில் வெந்நீர், வடிநீர் பிஎச் 8க்குக் கீழே வரும் வரை வெந்நீர் மட்டும். அதன் பிறகுதான் அமிலம்.

பிப்ரவரி 12

உலைப் பாதுகாப்பு. இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம், எழுதப்படும் செய்முறைகளில் "800 டிகிரி, 1 மணி, நைட்ரஜன்" என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

உள்ளே நடப்பது: 400 முதல் 600 டிகிரிக்குள் காரம் கார்பனோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட், ஹைட்ரஜன், உலோகப் பொட்டாசியம் ஆகிறது. 700க்கு மேல் கார்பனேட்டும் கார்பனைத் தின்று இன்னும் பொட்டாசியம் தருகிறது, கூடவே கார்பன் மோனாக்சைடு. பொட்டாசியத்தின் கொதிநிலை 760 டிகிரியை ஒட்டியது. அதாவது 800இல் அது ஆவி. கார்பன் அடுக்குகளுக்கு இடையே நுழைந்து அவற்றை விரித்து வைப்பதும் இந்த ஆவிதான், உலைக் குழாயின் குளிர்ந்த முனையில் போய்ப் படிவதும் இதுதான். வெள்ளி நிறப் பூச்சாகவோ, நீலம் கலந்த சாம்பல் நிறத்திலோ தெரியும். அதை ஈரத்துணியால் துடைத்தால் தீப்பிடிக்கும்.

மூசை நிக்கலாக இருக்கட்டும். அலுமினாவையும் குவார்ட்ஸையும் உருகிய காரம் அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு தாங்கும் போலத் தோன்றும், ஆனால் இரும்பும் குரோமியமும் கரியில் ஏறும். மூசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். ஈரம் போகும்போது காரக் குழம்பு பொங்கி விளிம்பேறும். காரத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கரியை ஊறவைத்து, 120 டிகிரியில் காயவைத்துப் பிறகு ஏற்றினால் பொங்குவது குறையும். முதலில் அரை மணி நேரம் நைட்ரஜன், பிறகு நிமிடத்துக்கு 5 டிகிரி, 400இல் அரை மணி நிறுத்தம், பிறகு இலக்கு. வெளியேறும் வாயு புகைக்கூண்டுக்குள் போக வேண்டும், அதில் ஹைட்ரஜனும் மோனாக்சைடும் இருக்கின்றன.

அறைச் சூட்டுக்கு வரும் வரை நைட்ரஜனை நிறுத்தக் கூடாது. குளிர்ந்த பிறகு, தண்ணீர் வழியே குமிழவிட்ட நைட்ரஜனை மெதுவாகச் சில மணி நேரம் அனுப்பினால், எஞ்சிய பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ராக்சைடு ஆகும். அதற்குப் பிறகே திறப்பது.

பிப்ரவரி 13

நேற்று எழுதியதில் ஒன்று குறை. வெளியேற்றக் குழாயின் முனையைத் தண்ணீரில் நேராக முக்கி வைக்காதீர்கள். உலை குளிரும்போது உள்ளே வாயு சுருங்கும், நைட்ரஜன் ஓட்டம் தளர்ந்தால் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு, பொட்டாசியம் படிந்த சூடான குழாய்க்குள் போகும். நடுவே ஒரு காலிக் குடுவை, அதன் பிறகு எண்ணெய்க் குமிழி. கரியாக்கும் முதல் கட்டத்துக்கும் அந்தக் காலிக் குடுவை உதவும்: 250 முதல் 400 டிகிரிக்குள் தார் கொட்டும், குறுகிய குழாயை அடைத்து அழுத்தம் ஏற்றிவிடும்.

பிப்ரவரி 16

"பரப்பு 2,600 என்பது போதாதா, 3,200 ஆக்கினால் 400 ஃபாரட் வருமா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

வராது. ஒற்றை அணு கனமுள்ள கிராஃபீன் தாளின் இரண்டு பக்கத்தையும் கூட்டினாலே கிராமுக்கு 2,630 சதுர மீட்டர்தான். அதைத் தாண்டும் எண்கள் பெரும்பாலும் பி.இ.டி. கணக்கின் குறை; நுண்துளை நிரம்புவதை அது அடுக்கு அடுக்காகப் படிவதாக எண்ணுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோ ஃபாரட் என்று எடுத்தால் 2,600 சதுர மீட்டர் 260 ஃபாரட் தரும். செல்லில் வந்த 248 அதற்குப் பக்கத்தில். அதாவது இந்தக் கரி தன்னால் முடிந்ததை ஏற்கெனவே கொடுத்துவிட்டது.

பரப்பைக் கூட்டக் கூட்டக் கரி பஞ்சாகிறது. பருமன் கணக்கில் பார்த்தால் நட்டம், துளைக்குள் நிற்கும் மின்பகுளியின் (அயனிகள் உள்ள கரைசல்) எடை வேறு. கிளைகோகிட்டி, சைமன் முதலியோர் 2006இல் காட்டியது போல, 1 நானோமீட்டருக்குக் கீழான துளைக்குள் அயனி தன் கரைப்பான் உறையைக் கழற்றிவிட்டு நுழையும்போது பரப்புக்கான தேக்குதிறன் ஏறுகிறது. துளையின் அகலம் அயனிக்குப் பொருந்துவதே முக்கியம்.

பிப்ரவரி 16, சற்றுப் பின்

பெயர்ப் பிழை, மன்னிக்கவும்: கோகோட்ஸி, சைமன்.

பிப்ரவரி 18

விளைச்சல் கணக்கு. 1 கிராம் காரம் கார்பனேட் ஆகும் முதல் வினையிலேயே 0.07 கிராம் கார்பனைத் தின்னும். 1:5 என்றால் அதிலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, 700க்கு மேல் கார்பனேட் தின்பது தனி. 100 கிராம் உமியில் 38 கிராம் கரி, அதில் 19 கிராம் கார்பன், ஆக்டிவேஷனில் பாதி போனால் கையில் 10 கிராம். அதற்கு ஊற்றிய காரம் 150 கிராம். "கழிவிலிருந்து கரி" என்று சொல்லும்போது இந்த 150 கிராமையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கழுவும் முதல் நீரில் கார்பனேட்டாகவும் சிலிகேட்டாகவும் பொட்டாசியம் இருக்கிறது. அதை மீட்காமல் சாக்கடையில் விட்டால் எரிக்காமல் காப்பாற்றிய உமியால் யாருக்கும் லாபமில்லை.

நீராவி முறையில் இந்தத் தலைவலி இல்லை. 850 டிகிரியில் நீராவி, பரப்பு குறைவாகவே வரும், ஆனால் கழுவ வேண்டியது சொற்பம். மின்தேக்கிக்கென விற்கப்படும் கரியில் சிரட்டையும் நீராவியும் நிலைத்து நிற்பதற்கு இதுவே காரணம்.

பிப்ரவரி 20

மற்ற கழிவுகள் பற்றிச் சுருக்கமாக. மக்காச்சோளக் கட்டை: சாம்பல் குறைவு, உமியைவிடச் சுலபம். கரும்புச் சக்கை: பஞ்சு, உலையை அடைக்கும், எடை வராது, அழுத்தி வில்லையாக்கினால் பரவாயில்லை. பருத்திமார்: நல்ல கட்டைத்தன்மை, வேரோடு பிடுங்கியதில் மண் ஒட்டியிருக்கும், அதுவும் சிலிக்காதான். வைக்கோல்: பொட்டாசியமும் குளோரைடும் அதிகம், நன்றாகக் கழுவ வேண்டும்.

அரைப்பது பற்றியும் ஒன்று. எஃகு உருண்டை மில்லில் அரைத்தால் இரும்பு ஏறும். இரும்பு அயனி செல்லுக்குள் இரண்டு மின்முனைக்கும் இடையே போய் வந்து, ஏற்றி வைத்த சுமையைத் தானே கசியவிடும். ஏற்றிய செல்லை 24 மணி நேரம் வைத்துப் பார்த்தால் மின்னழுத்தம் சரிவது அதைச் சொல்லிவிடும். அகேட் கல்வம் போதும். கடைசிக் கழுவலில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டு வெண்மை வராததை உறுதி செய்யுங்கள். மிஞ்சிய குளோரைடு காயின் செல்லின் எஃகு மூடியை அரிக்கும்.

பிப்ரவரி 23

சோடியம். அந்தக் கரியை அதற்குப் போடாதீர்கள். இரண்டு வேலைக்கும் தேவை நேர் எதிர். மின்தேக்கிக்குத் திறந்த துளை வேண்டும். சோடியத்துக்கு மின்பகுளி நுழைய முடியாத, மூடிய துளைகள் உள்ள கடின கார்பன் வேண்டும், பரப்பு கிராமுக்கு 10 சதுர மீட்டருக்குள். 2,600 சதுர மீட்டர் கரியைப் போட்டால் முதல் ஏற்றத்திலேயே மின்பகுளி அத்தனை பரப்பிலும் சிதைந்து படலமாகும், கொடுத்த சோடியத்தில் பெரும்பகுதி திரும்பி வராது.

செய்முறை: மூலப்பொருளை 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் இரவு முழுக்க ஊறவைத்துக் கழுவு, 500இல் கரியாக்கு, அரை, பிறகு ஆர்கனில் 1,200 முதல் 1,400 டிகிரியில் 2 மணி நேரம். காரம் கிடையாது. எக்ஸ்.ஆர்.டி.யில் (எக்ஸ் கதிர் அளவீடு) கார்பன் அடுக்கு இடைவெளி 0.37 முதல் 0.40 நானோமீட்டர் வர வேண்டும், கிராஃபைட்டின் 0.335இல் சோடியம் போதுமான அளவு நுழையாது. நல்ல கடின கார்பன் கிராமுக்கு 300 மில்லி ஆம்பியர் மணி அளவில் கொடுக்கும், அதில் பாதிக்கும் மேல் 0.1 வோல்ட்டுக்குக் கீழே தட்டையாக ஓடும் பகுதியில்.

உமியை இதற்கு எடுத்தால் சிலிக்காவை முன்பே எடுத்தே ஆக வேண்டும். 1,400ஐ ஒட்டிய சூட்டில் சிலிக்காவும் கார்பனும் சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகும். அதை எந்தக் காரமும் அமிலமும் அசைக்காது, சோடியத்தையும் வாங்காது, வெறும் சுமை. சோடியத்துக்குச் சிரட்டை அல்லது மக்காச்சோளக் கட்டையில் தொடங்குங்கள்.

பிப்ரவரி 24

சேர்க்க வேண்டியது: சோடியம் உலோகத்தை எதிர்முனையாக வைத்த அரைச் செல்லில் மின்னோட்டத்தைக் கூட்டினால் தட்டைப் பகுதி சட்டென்று மறையும். கார்பன் மந்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எதிர்முனையின் சொந்தத் தடையே சில பத்து மில்லி வோல்ட் தின்றுவிடுவதால், செல் தன் கீழ் எல்லையைச் சீக்கிரம் தொட்டு நின்றுவிடுகிறது. மூன்றாவது மின்முனை வைத்து அளந்தால் தெரியும்.

மார்ச் 2

கேட்டவர் எழுதுகிறார்: சாம்பல் 46 சதவீதம், வெள்ளையாகவே வந்தது. கார்பனுக்கு 1:3 வைத்துப் பார்க்கலாமா, எத்தனை கிராம் நிறுக்க வேண்டும்?

10 கிராம் கரியில் சிலிக்கா 4.6, கார்பன் 5.4. சிலிக்காவுக்கு 8.6 கிராம் காரம், கார்பனுக்கு 16.2, மொத்தம் 24.8. 85 சதவீத வில்லையில் 29 கிராம் நிறுங்கள். சூட்டை 800இலிருந்து 700க்கு இறக்கி ஒரு தொகுதி, 800இலேயே ஒரு தொகுதி, இரண்டையும் 10 மில்லிகிராம் தகட்டில் இரண்டு மின்முனைச் செல்லாக அளந்து போடுங்கள். 24 மணி நேர மின்னழுத்தச் சரிவையும் சேர்த்து.